தாங்குசுவருக்குத் தனி பில்

சேலத்தில் பேசுகிற சதுர அடி ரேட் ஏற்காட்டில் எடுபடாது. எம்-சாண்ட், ஜல்லி, கம்பி எல்லாம் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். பெரிய லாரி நுழையாத எஸ்டேட் பாதை என்றால் வழியிலேயே இறக்கிச் சின்ன வண்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். சரிவை வெட்டினால் பாறை தட்டும், இல்லையென்றால் மண் சரியும். எப்படியானாலும் ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு தாங்குசுவர் முளைத்துவிடும். வீடு முடிந்ததும், “அது உங்க ரேட்டிலேயே அடக்கம்தானே மேஸ்திரி?” என்பார் உரிமையாளர்.

அமெரிக்காவில் இப்படிக் கூலி நின்றால், கட்டியவர் அந்தச் சொத்தின் மீதே வில்லங்கம் ஏற்றலாம். வாஷிங்டன் நகரம் எழும்பிய 1791-ல் மேரிலாந்து மாநிலம் இதற்குச் சட்டம் போட்டது. ஆனால் தொகையை இஷ்டத்துக்குப் போட முடியாது. கலிபோர்னியாவில் பேசிய விலை, வேலையின் நியாயமான மதிப்பு இரண்டில் எது குறைவோ அதுதான். நியூயார்க்கில் வேண்டுமென்றே ஊதிப் பெருக்கினால் அந்த உரிமையே பறிபோகும்.

நம் ஊரில் கட்டியவருக்கு இந்தப் பிடி கிடையாது. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு, தைத்த துணியைக் கூலி வரும்வரை வைத்துக்கொள்ளத் தையல்காரரை அனுமதிக்கிறது. கொத்தனாரால் வீட்டை அப்படி வைத்துக்கொள்ள முடியுமா? தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம்தான். ஆனால் ஈடில்லாத கடனை ஈடுள்ள கடனாக மாற்றிக்கொள்ள அந்த வழியைப் பயன்படுத்தக் கூடாது என்று ராமன் டெக் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

ஆக, கையில் மிஞ்சுவது கணக்கு மட்டும்தான். முடித்த வேலையை அளந்து, பேசிய ரேட்டால் பெருக்கி, வாங்கிய அட்வான்ஸையும் உரிமையாளர் இறக்கித் தந்த சிமென்ட், கம்பி விலையையும் கழித்தால் வருவதே பாக்கி. உரிமையாளர் காட்டும் குறைகளில் நியாயமானதைத் தானே கழித்துவிடுகிற காண்ட்ராக்டரின் மற்ற எண்களை நீதிபதியும் நம்புவார். வட்டியும் தாமத நஷ்டமும் தனி வரிகளில் நிற்கட்டும்.

தாங்குசுவருக்கு எழுத்தே இல்லையென்றால்? அதே ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு இருக்கிறது. இனாமாகச் செய்யாத வேலையின் பலனை ஒருவர் அனுபவித்தால் அதற்கு ஈடு தர வேண்டும். 1944-ல் வங்காளத்தின் ஆரம்பாக்கில், அரசின் குடிமைப் பொருள் துறைக்காக மண்டல் நிறுவனம் காவலர் அறை, சமையலறை எல்லாம் கட்டிக் கொடுத்தது. முறைப்படி ஒப்பந்தம் இல்லை. அரசு கைவிரித்தது. 1961-ல் உச்ச நீதிமன்றம் இதே பிரிவைக் காட்டி நிறுவனத்தின் பக்கம் நின்றது. 17 வருடம்! சின்ன மேஸ்திரியால் அவ்வளவு காலம் தாங்க முடியாது.

கூட்டிக் கேட்டால் பேரம் பேசிக் குறைப்பார்கள் என்ற சாமர்த்தியம் கோர்ட்டில் பலிக்காது. தமிழ்நாட்டில் 2017 முதல் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 3 சதவீதம். பொய்யாக 10 லட்சம் ஏற்றினால் 30,000 ரூபாய் கையைவிட்டுப் போகும். பணம் தரத் தேதி குறிக்காத வேலைக்கு, வழக்குப் போட வேலை முடிந்ததிலிருந்து 3 வருடம்தான் கெடு. ‘பொங்கலுக்குப் பார்க்கலாம்’ என்று வாயால் சொன்ன வாய்தா அதை நீட்டாது, கெடுவுக்குள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால்தான் நீளும்.

எனவே மேஸ்திரிகளே, தாங்குசுவருக்கு மண் தோண்டும் முன் அளவையும் ரேட்டையும் ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் சென்னையில் இருந்தால் வாட்ஸ்அப்பிலாவது ஒரு ‘சரி’ வரட்டும், பிறகு கடப்பாரையை எடுங்கள்.