உப்பு வாருகிறவருக்கு நாற்காலி எங்கே?

'கவுன்சில்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? வெள்ளை வேட்டி, குழாயடி சண்டை, எலெக்‌ஷன் நேரத்தில் மட்டும் தெருவுக்குள் எட்டிப் பார்க்கும் கவுன்சிலர்... அதானே? நாம் பேசப்போவது வேறு கவுன்சில். உங்கள் சம்பளம் எவ்வளவு, உங்கள் பிள்ளை என்ன பாடம் படிக்கணும் என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிற கவுன்சில். டீ, பிஸ்கட், மினிட்ஸ் புத்தகம் எல்லாம் இங்கேயும் உண்டு. அந்த மேஜையைச் சுற்றி யாருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு பஸ் ஏறியவர்கள் மரக்காணத்தைக் கடந்திருப்பீர்கள். ஜன்னலோர சீட் வாய்த்தவர்களுக்கு வெயிலில் கண் கூசும் வெள்ளைக் குவியல்கள் தெரிந்திருக்கும். கையில் இருந்த செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டு மறுபடி தூங்கியிருப்பீர்கள். தப்பில்லை. ஆனால், அன்றைக்கு உங்கள் டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதத்தில் அந்தக் குவியலின் ஒரு சிட்டிகை இருந்திருக்கலாம்.

உப்பு விளைவது சும்மா இல்லை சார். உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுகிறார்கள். கடல் தண்ணீரின் அடர்த்தி 'போமே' அளவுகோலில் சுமார் 3 டிகிரி. அதை வெயிலும் காற்றும் சுண்டவைத்து 25 டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு பூக்கும். அதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிட வேண்டும். 30 டிகிரி வரை விட்டால் மெக்னீசியம் கலந்து உப்பு கசக்கும். இதையெல்லாம் கருவியே இல்லாமல் தண்ணீரின் நிறத்தையும் பாத்தியின் ஓரத்தையும் பார்த்தே கணிக்கிற அனுபவஸ்தர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். மழைக்காலம் வந்தால் போச்சு... வேலை இல்லை, கூலி இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடுப்பு எரிய வேண்டுமே என்று தமிழக அரசு, உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிற திட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்று மாதத்துக்கு 5,000. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இவர்கள் கூலி கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது? அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைத் திறந்தால் தலை சுற்றும். உப்பு மத்திய அரசின் பட்டியலில். தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில். கல்வி, மாநிலப் பட்டியலில் இருந்தது. எமர்ஜென்சியில் 1976-ல் வந்த 42-வது திருத்தத்தில் அதுவும் பொதுப்பட்டியலுக்குப் போய்விட்டது. உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் இருப்பதோ, கடலே இல்லாத ஜெய்ப்பூரில்! ஆந்திராவில் புறப்படும் பக்கிங்ஹாம் கால்வாய் ஓடி ஓடி மரக்காணத்தில் வந்து முடிகிறது. கால்வாய் வந்து சேர்ந்துவிட்டது. ஃபைல் வருமா என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் ஓர் ஆங்கிலேயரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பெயர் விட்லி. பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. முதல் உலகப் போர் நேரத்தில் இங்கிலாந்தில் ஸ்டிரைக் மேல் ஸ்டிரைக். அப்போது இவர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். 'முதலாளியும் தொழிலாளியும் சரிபாதியாக உட்கார்ந்து பேச நிரந்தரமாக ஒரு கவுன்சில் வையுங்கள்' என்பது 1917-ல் அந்தக் கமிட்டி சொன்ன யோசனையின் சாரம். பிற்பாடு அதே விட்லி, 1929-ல் இந்தியத் தொழிலாளர் ராயல் கமிஷனுக்குத் தலைவராகி இங்கேயும் வந்தார். 1931-ல் அறிக்கை கொடுத்தார். மத்திய அரசு ஆபீஸில் வேலை பார்க்கிற வாசகர்களுக்கு 'ஜே.சி.எம்.' தெரிந்திருக்கும். 1966-ல் வந்த அந்தக் கூட்டு ஆலோசனை அமைப்பு, விட்லி கவுன்சிலின் நேர் வாரிசு. அதன் தேசிய கவுன்சிலுக்கு கேபினட் செக்ரட்டரி தலைவர். எதிரே 'ஸ்டாஃப் சைடு'. சம்பளம், வேலை நேரம், லீவு இதிலெல்லாம் உடன்பாடு வரவில்லையென்றால் நடுவர் தீர்ப்புக்குப் போக வழி உண்டு. உங்கள் பஞ்சப்படி பற்றிப் பேசவும் டெல்லியில் ஒரு மேஜை இருக்கிறது. கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்!

உப்பளத்துக்கு வாருங்கள். 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் 'ஒர்க்ஸ் கமிட்டி' என்று ஒன்றைச் சொன்னது. இரு தரப்பும் உட்காரும் குழு. ஆனால், 100 பேர் வேலை செய்கிற இடத்தில்தான். குத்தகைக்கு எடுத்த சில பாத்திகளில் ஏழெட்டுப் பேர் வேலை செய்தால்? கமிட்டி கிடையாது. 2025 நவம்பர் 21-ல் நாடு முழுக்க அமலுக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அதே 100 தொடர்கிறது.

புதிய சட்டத்தில் இன்னொன்றும் வந்திருக்கிறது: 'பேச்சுவார்த்தை கவுன்சில்'. ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்து, ஒன்றுக்கு 51 சதவிகித ஆதரவு இருந்தால் அதுமட்டுமே பேசும். யாருக்கும் அவ்வளவு இல்லையென்றால், 20 சதவிகிதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்து கவுன்சிலாக உட்காரும். ஒவ்வொரு 20 சதவிகிதத்துக்கும் ஒரு பிரதிநிதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் சங்கங்களுக்குள் நடக்கிற சண்டைக்கு இப்படி ஒரு ஏற்பாடு தேவைதான் என்றே நான் நினைக்கிறேன். ஆனால், சதவிகிதத்தை எதை வைத்து எண்ணுவார்கள்? மஸ்டர் ரோல்! அதில் பெயர் இருப்பவர்தான் கணக்கு. அன்றாடக் கூலிக்கு இன்றைக்கு ஒரு பாத்தி, நாளைக்கு ஒரு பாத்தி என்று போகிறவரின் பெயர் எந்த ரோலில் இருக்கும்? பூஜ்யத்தில் 20 சதவிகிதம் எவ்வளவு என்று ஒன்றாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லிவிடுவான்.

பையன் என்றதும் பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறது. அங்கேயும் இதே கதைதான். அறிவியல் வகுப்பில் 'ஆவியாதல்' பாடம் நடக்கிறது. உப்புக் கரைசலைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிச் சூடுபடுத்தினால் உப்பு மட்டும் தங்கும். மரக்காணத்துப் பையன் ஒருவன் இதை வீட்டில் வந்து ஒப்பிப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள்...

"அப்பா, பீங்கான் கிண்ணம்னா என்னாப்பா?"

"எதுக்குடா?"

"உப்பு காய்ச்சணுமாம்!"

ஏக்கர் கணக்கில் அதே பரிசோதனையை வருஷத்தில் ஒன்பது மாதம் செய்துவிட்டு, கால் வெடிப்போடு உட்கார்ந்திருக்கிற மனுஷன் என்ன பதில் சொல்வார்?

அந்த அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் நாற்காலி இல்லையா? இருக்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். ஆனால், குழுவின் வேலை என்ன? பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது, பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது. பாடத்திட்டமா? அது அதே சட்டத்தின் 29-வது பிரிவு. அதற்கென்று அரசு நியமிக்கும் கல்வி அமைப்பின் பொறுப்பு. நம் மாநிலத்தில் சென்னையில் இருக்கிற எஸ்.சி.இ.ஆர்.டி. தேசிய அளவில் 1961-ல் உருவான என்.சி.இ.ஆர்.டி. இந்த இரண்டிலும் உள்ள 'சி', கவுன்சில்தான்! ஆக, கக்கூஸ் கதவைப் பற்றி அப்பா பேசலாம். பீங்கான் கிண்ணத்தைப் பற்றிப் பேச அவருக்கு மேஜை இல்லை.

நியாயமாகச் சொல்லவேண்டும். பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து 2017-ல் தமிழகப் பாடத்திட்டத்தை மாற்றியபோது, வரைவை இணையத்தில் போட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். பாடநூல் எழுதியதில் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் இருந்தார்கள். நல்ல காரியம். ஆனால், விடியுமுன் பாத்திக்குப் போகிறவர் நெட்டில் பி.டி.எஃப். திறந்து, போமே டிகிரி பற்றிக் கருத்துப் பதிவு செய்வார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் ஓவர்.

ஆசிரியர்களுக்கே சங்கமாக அந்த மேஜையில் இடம் தந்த நாடு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1964-ல் 'ஸ்கூல்ஸ் கவுன்சில்' தொடங்கினார்கள். பாடத்திட்டம், தேர்வு பற்றி யோசனை சொல்லும் அதன் குழுக்களில் ஆசிரியர்களுக்கே மெஜாரிட்டி. பெரும்பாலும் சங்கங்கள் அனுப்பிய ஆட்கள். புதுப்புதுப் பாடத்திட்டங்கள் வந்தன. கூடவே முணுமுணுப்பும் வந்தது. 'பெற்றோரும் தொழில்துறையும் வெளியே நிற்க, வாத்தியார்கள் மட்டும் உள்ளே உட்கார்ந்து முடிவெடுப்பதா?' என்று. 1976-ல் பிரதமர் காலகன் அந்த விவாதத்தைப் பகிரங்கமாகக் கிளப்பினார். எங்கே தெரியுமா? தொழிலாளர் படிப்பதற்கென்றே ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியில்! 1978-ல் கவுன்சிலின் அமைப்பை மாற்றினார்கள். 1984-ல் கதையே முடிந்தது. 1988-ல் அரசாங்கமே தேசியப் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. மேஜையை ஒரே தரப்பு நிரப்பினால், ஒருநாள் மேஜையையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நம்மூரிலும் ஆசிரியர்களிடம் கவுன்சில் உண்டு. ஜாக்டோ-ஜியோ என்கிறோமே, அதில் 'ஜாக்' என்பது கூட்டு நடவடிக்கைக் கவுன்சில்தான். 2003 ஸ்டிரைக்கில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்து, பின்பு பெரும்பாலோர் திரும்பச் சேர்க்கப்பட்டதும், 'அரசு ஊழியருக்கு ஸ்டிரைக் உரிமை இல்லை' என்று அந்த ஆகஸ்ட்டில் சுப்ரீம் கோர்ட் சொன்னதும் நினைவிருக்கலாம். 2019 ஜனவரியிலும் போராட்டம். பழைய பென்ஷன் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். கோரிக்கைப் பட்டியலின் தலைப்பில் என்றைக்காவது பாடப்புத்தகம் இடம்பிடித்தால் நன்றாக இருக்கும் என்பது என் பேராசை.

மரக்காணத்துக்கே திரும்புவோம். அங்கே எட்டிப்பிடிக்கிற தூரத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. தமிழகத்தில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் தொழில்களின் பட்டியலில் உப்பளமும் இருந்து வந்தது. 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கூலி நிர்ணயிக்கக் குழு போட்டால் முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் சம எண்ணிக்கை. பொதுவானவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. இதற்கு 100 பேரும் வேண்டாம், 51 சதவிகிதமும் வேண்டாம். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமும் இந்தச் சமக்கணக்கை விடவில்லை. அதோடு, மாநில ஆலோசனை வாரியத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்கவேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது.

உப்பளத்தில் தலையில் கூடை சுமப்பவர்களில் பெண்கள் ஏராளம். வாரியத்தின் பெண்களுக்கான அந்த நாற்காலிகளில் ஒன்றுக்கு அவர்களில் யாராவது ஒருவர் பெயர் போகுமா, அல்லது வழக்கம்போல ஏ.சி. அறையில் உப்புச் சீடை மட்டும் பார்த்தவர் பெயர் போகுமா? உறுப்பினர் பட்டியல் அரசிதழில் வரும். வாங்கிப் பாருங்கள்.