ஏரிக்கு நீர்க்கடம்பு, மேட்டுக்கு உசில்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்து, அந்தக் காலத்திலேயே தேர்தலா என்று வியந்துவிட்டுப் போகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் என்னை நிறுத்திவைப்பது இன்னொரு செய்தி. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து ஆளெடுத்தவர்கள், தோட்ட வாரியத்துக்கு 12 பேரையும் ஏரி வாரியத்துக்கு 6 பேரையும் தனித்தனியாக அமர்த்தினார்கள். பெரிய பொறுப்பான சம்வத்சர வாரியத்துக்கு, ஏற்கெனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும் எடுக்கச் சொன்னார்கள். தோட்டம் வேறு, ஏரி வேறு, இரண்டையும் அறிந்தவன்தான் ஊரை ஆளத் தகுந்தவன் என்று நினைத்த ஊர் இது.

இன்று அதே வட்டாரத்தில் மரம் நடும் விழா எப்படி நடக்கிறது? ஒரு வண்டியில் ஒரே வகைக் கன்றுகள் வந்து இறங்குகின்றன. ஏரிக்கரைக்கும் அதுதான், பள்ளிக்கூடத்துக்கும் அதுதான், சுடுகாட்டுப் பாதைக்கும் சாளவாக்கம் பக்கத்துச் சரளை மேட்டுக்கும் அதுதான். படம் எடுத்ததும் விழா முடிகிறது. சித்திரை வெயிலில் போய்ப் பார்த்தால் கூண்டு நிற்கிறது, உள்ளே கன்று இல்லை. தண்ணீர் ஊற்றவில்லை என்று பழி சொல்கிறோம். பல இடங்களில் தப்பு அதற்கு முன்பே, கன்றைத் தேர்ந்தெடுத்த அன்றே நடந்துவிட்டது.

ஏரி உள்வாயையே எடுத்துக்கொள்வோம். ஐப்பசியில் நிரம்பினால் மாதக்கணக்கில் அடிமரம் தண்ணீரில் நிற்கும். கோடையில் அதே மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். வேம்பை அங்கே நட்டால் வேர் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதற்கென்றே பிறந்தது நீர்க்கடம்பு. இங்கிருந்து அதிக தூரமில்லாத வேடந்தாங்கல் ஏரியில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டுவது பெரும்பாலும் நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும்தான். பறவைகளின் எச்சம் கரைந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்று கண்ட அந்த ஊர்க்காரர்கள் வேட்டைக்கு எதிராக முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேசிடம் பாதுகாப்பு வாங்கினார்கள். பறவை வேண்டுமானால் மரம் வேண்டும், அதுவும் தண்ணீரில் நிற்கத் தெரிந்த மரம் வேண்டும். நீர்க்கடம்பின் பூ சிவப்புச் சரமாகத் தொங்கும். இரவில் விரியும், விடிந்தால் உதிர்ந்து தண்ணீர் மேல் மிதக்கும். ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

நாற்றங்காலில் ‘கடம்பு’ என்று மட்டும் கேட்காதீர்கள். தடி மரத்துக்காக வளர்க்கும் வெண்கடம்பைக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு மரம். ‘நீர்க்கடம்பு’ என்று சொல்லிக் கேளுங்கள். இளங்கன்று முழுகிவிடக் கூடாது. அதனால் ஏரி உள்ளே மண்ணைக் கூட்டி மேடு போட்டு, அதன் மேல் உயரமான கன்றாக நட வேண்டும். கருவேலத் தோட்டங்களை வனத்துறை ஏரிகளில் வளர்த்தது இந்த முறையில்தான்.

கரை விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பெருவேர் விடும் ஆலும் அரசும் மண்கரை மேல் வேண்டாம். மரம் பட்டுப்போனால் வேர் மக்கிய தடத்தில் தண்ணீர் கசிந்து கரை உடையும். மதகுக்கும் கலங்கலுக்கும் பக்கத்தில் எந்தப் பெருமரமும் கூடாது. கரையின் வெளிச்சரிவுக்குப் பனை போதும். சல்லிவேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்துவிட்டது. இடையில் நொச்சி வைக்கலாம். ஆடு கடிக்காது.

வாய்க்கால் ஓரமும் செய்யாற்றுக் கரையும் நீர்மருது, நாவல், இலுப்பை, புங்கன் இவற்றின் இடம். புங்கன் தழையைக் கழனிச் சேற்றில் மிதித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. காஞ்சிபுரத்தின் பெயரே ஆற்றோரத்தில் வளரும் காஞ்சி மரத்தால் வந்தது என்று சொல்வார்கள்.

அதே மருதைச் சரளை மேட்டில் வைத்தால் மூன்றாம் கோடை தாண்டாது. அந்த மேடுகளுக்கு உசில், வெப்பாலை, ஆவாரை, விராலி முதலில் வர வேண்டும். அவை நிழலும் சருகும் கொடுத்த பிறகு வீரை, உலக்கைப் பாலை, காட்டு எலுமிச்சை, களா, காயா என்று அடுத்த வரிசை. சோழமண்டலக் கரையோரத்துக்கு உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் குடும்பம் இது. இலை சிறிதாகத் தடிப்பாக இருக்கும், வளர்ச்சி மெதுவாக இருக்கும், கோடையிலும் பச்சை மாறாது. பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் இன்று மிச்சம். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடுகிற ஊரில், காயாவின் நீலப்பூவைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? பக்கத்து ஊரின் பெயர் திருப்புலிவனம். அந்த வனத்தில் ஒரு மூலையையாவது திருப்பிக் கொண்டுவர வேண்டாமா?

சாலையோரத்தில் மேலே மின்கம்பி ஓடினால் சரக்கொன்றை, மந்தாரை. கம்பி இல்லாத பக்கம் புங்கன், பூவரசு, மகிழம். வேலிக்குக் கிளுவைப் போத்து, ஆடாதோடை. ஆடு தொடாது என்பதே அதன் பெயர்.

வேலிகாத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீமைக் கருவேலத்தைத்தான் இந்தப் பக்கம் அப்படிச் சொல்கிறோம். பொக்லைன் வைத்துப் பிடுங்கிவிட்டு மண்ணை வெறுமையாக விட்டால், மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். பிடுங்கிய அந்த ஆண்டே அந்த இடத்துக்குரிய மரம் அங்கே நிற்க வேண்டும். வேலிகாத்தானை வெட்டி விறகு விற்றுப் பிழைத்த குடும்பங்களுக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். கருவேலமும் உசிலும் நல்ல விறகு தரும்.

2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 ஆக்க வேண்டும் என்கிறது. நல்ல இலக்கு. அதற்கான கன்றுகள் உங்கள் ஊருக்கும் வரும். அக்டோபர் 2 கிராம சபை, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பாகக் கூடுகிறது. ஏரி உள்வாய், கரை, வாய்க்கால், மேடு, சாலை என்று இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் கன்று, எத்தனை என்று அன்றைக்கே தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஏரியைத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் ஆடு மேய்ப்பவர் ஒருவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள்.