காய்ச்சலை மறைத்து விமானம் ஏறலாமா?

வெப்பமானியை ஏமாற்றும் மாத்திரை

பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாடு செல்வோர் செய்யும் தவறுகளில் மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று. முதல் நாள் இரவே உடம்பு கதகதக்கும். டிக்கெட் வீணாகிவிடக் கூடாதென்று வீட்டைவிட்டுக் கிளம்புமுன் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொள்வார்கள். விமான நிலைய வெப்பமானியில் எல்லாம் சரியாகவே தெரியும். மாத்திரை குறைப்பது உடல் சூட்டை மட்டும். தொண்டையில் இருக்கும் வைரஸை அது தொடுவதே இல்லை. நாலைந்து மணி நேரத்தில் மருந்தின் வேகம் தணிந்து நடுவானில் காய்ச்சல் திரும்பினால், இறங்கிச் சிகிச்சை பெற அங்கே வழி இல்லை. இதற்குள் பக்கத்து இருக்கைக்காரருக்கும் தொற்று போயிருக்கலாம்.

காய்ச்சல் இல்லாததும் முழு உத்தரவாதம் அல்ல. கோவிட் தொற்றியவர், அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார்.

நம்பிக்கைகளும் நடப்பும்

‘கஷாயம் குடித்தாயிற்று, ஒன்றும் ஆகாது’ என்பது பரவலான நம்பிக்கை. கஷாயம் எதுவும் தடுப்பூசிக்கு ஈடாகாது. எந்த நாட்டுக் குடியேற்ற அதிகாரியும் அதைக் கேட்கப்போவதும் இல்லை. ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதம் தரும். செல்லுக்குள் புகுந்துவிட்ட வைரஸை வெந்நீர் ஆவி எட்டாது. முகத்தையும் மார்பையும் சுட்டுக்கொண்டு வருபவர்கள்தான் மிச்சம். உப்புநீர்க் கொப்பளிப்பும் இதே ரகம்.

இவையாவது வீட்டு வைத்தியம். கைப்பையில் அசித்ரோமைசினும் ஐவர்மெக்டினும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கிடப்பதை என்ன சொல்வது? அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து, ஐவர்மெக்டின் ஒட்டுண்ணிக்கானது. ஸ்டீராய்டு இன்னும் ஆபத்து. ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளுக்கே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உதவுகிறது என்று 2020-ல் பிரிட்டனில் நடந்த ‘ரெகவரி’ ஆய்வு காட்டியது. சாதாரணக் காய்ச்சலுக்கு அதை விழுங்குவது நோய் எதிர்ப்பையே மட்டுப்படுத்தும், சர்க்கரையையும் ஏற்றிவிடும். 2021-ல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியதில் கட்டுப்படாத சர்க்கரைக்கும் வரைமுறையற்ற ஸ்டீராய்டுக்கும் பெரும்பங்கு உண்டு.

‘விமானக் காற்றே ஆபத்து’ என்பது இன்னொரு மிகை. பெரிய பயணிகள் விமானங்களில் உள்ள ஹெப்பா வடிகட்டிகள் நுண்துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். ஆபத்து அதிகம் இருப்பது இருமும் பக்கத்து இருக்கையிலும், குடியேற்ற வரிசையிலும், விமானத்துக்கு அழைத்துச் செல்லும் நெரிசல் பேருந்திலும். தாடைக்கு இறங்கிய முகக்கவசம் அங்கெல்லாம் உதவாது. உணவு வரும்போது அருகில் இருப்பவர் சாப்பிட்டு முடித்துக் கவசம் போட்ட பிறகு சாப்பிடலாம். உணவு ஆறினால் குடி முழுகிவிடாது.

காகிதங்களும் மருந்துகளும்

கோவிட் சோதனை விதி நாட்டுக்கு நாடு மாறியது. 2021-ல் பல நாடுகள் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சான்று கேட்டன.

தடுப்பூசி போட்டால் மட்டும் போதவில்லை, போகும் நாடு அதை ஏற்கவும் வேண்டியிருந்தது. கோவேக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகால ஒப்புதல் 2021 நவம்பர் 3-ல்தான் கிடைத்தது. அதற்கு முன் அதைப் போட்டுக்கொண்ட பலர் பயணம் தடைப்பட்டுக் காத்திருக்க நேர்ந்தது. சான்றில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டியிருந்தது.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் பயண நாட்களைவிடக் கூடுதலாக, மருந்துச் சீட்டுடன் கைப்பையிலேயே இருக்கட்டும். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து கெடலாம். டிரமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கடும் கட்டுப்பாடு உண்டு. அங்கே கசகசாவுக்கே தடை என்பதால், அம்மா கட்டித்தரும் மசாலாப் பொட்டலத்தையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

போகாமல் இருப்பதும் ஒரு முடிவு

மகளின் பிரசவத்துக்கென்று கிளம்பும் அறுபது, எழுபது வயதுப் பெற்றோர்தான் அதிகக் கவலைக்குரியவர்கள். ஏற்கெனவே உள்ள இதய நோய்க்கும் சர்க்கரைக்கும் பல பயணக் காப்பீடுகள் பணம் தருவதில்லை. அந்த நிபந்தனையைப் படித்த பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும். தொற்று உச்சத்தில் இருக்கும்போது பேரக்குழந்தையைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு இரண்டு மாதம் பொறுக்கலாம்.

திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், போன நாட்டோடு இடையில் விமானம் மாறிய ஊரையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கா போய் வந்தவரின் காய்ச்சல் மலேரியாவாகவும் இருக்கலாம். கிளம்பும் நாளில் உடம்பு சுட்டால் தயவுசெய்து டிக்கெட் தேதியை மாற்றுங்கள், மாத்திரையைத் தேடாதீர்கள்.