குளிரும் மலையில் சுடும் வெயில்

மாசி மாதத்தில் ஒரு நாள், அப்புத்தளைக்குக் கீழே உள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போயிருந்தேன். விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் காலை ஒன்பதரை மணியிலிருந்து மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். மரம் ஒன்றும் இல்லை. காற்று சில்லென்று வீசியதால் ஒருவரும் வெயிலைப் பற்றிக் கவலைப்படவில்லை. "இங்கே சுவெட்டர் போடுகிற குளிர் சாமி, வெயில் என்ன செய்யப் போகுது?" என்றார் ஒரு ஆசிரியை. பதினொன்றரை மணிக்கு இரண்டு பிள்ளைகள் தலைவலி என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு சிறுமியின் கண்கள் சிவந்து நீர் வடிந்தது.

அந்த ஆசிரியை சொன்னதைத்தான் நம்மில் பலரும் நினைக்கிறோம். குளிர் என்றால் வெயில் குறைவு என்று எண்ணுகிறோம். உண்மை அப்படியல்ல.

சூரியனிலிருந்து நமக்கு ஒளியும் வெப்பமும் வருகின்றன. அவற்றோடு கண்ணுக்குத் தெரியாத, சூடும் காட்டாத கழியூதாக் கதிர்களும் வருகின்றன. இந்தியப் புத்தகங்களில் இவற்றைப் புறஊதாக் கதிர்கள் என்பார்கள். 1801ஆம் ஆண்டு ஜெர்மனியில் ரிட்டர் என்பவர் இவற்றைக் கண்டுபிடித்தார். தோலைச் சுடுவதும், காலப்போக்கில் கண்ணில் புரை வளர்வதை விரைவுபடுத்துவதும் இந்தக் கதிர்களே. காற்று குளிர்ந்திருப்பதால் இவை குறைவதில்லை. மாறாக, மேலே போகப் போகக் கூடுகின்றன. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வீதம் அதிகம் என்பது கணக்கு. அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல் இருக்கிறது. கொழும்பில் வியர்த்துக்கொண்டு நிழல் தேடும் பிள்ளையை விட, இங்கே குளிருக்காக வெயில் காயும் பிள்ளைக்கு இந்தக் கதிர் அதிகமாகப் படுகிறது. மெல்லிய மூடுபனியும் பெரிய தடையல்ல. மெல்லிய மேகத்தினூடாக எண்பது வீதம் வரை கீழே வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்கிறோம். சித்திரையிலும், மறுபடி ஆவணியிலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. இக்கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படையும் நம் பகுதியில் இயற்கையாகவே சற்று மெல்லியது. 1985இல் தென்துருவத்துக்கு மேலே அந்தப் படையில் ஓட்டை விழுந்ததை அறிந்து உலகம் திகைத்தது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த வாயுக்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. ஓசோன் மெல்ல மீண்டு வருகிறது. ஆனால் அது முழுமையாக மீண்டாலும் நம் மத்தியான வெயில் மத்தியான வெயிலாகவே இருக்கும்.

இதை ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? கதிர், ஓசோன் என்று கரும்பலகையில் எழுதிப் பயனில்லை. நிழலைக் கொண்டு சொல்லலாம். சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடத்தில் இதற்கு நல்ல இடம் உண்டு. பிள்ளைகளை இருவர் இருவராக முற்றத்தில் நிறுத்துங்கள். ஒருவர் நிற்க, மற்றவர் நிழலின் தலை விழும் இடத்தில் ஒரு கல்லை வைக்கட்டும். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, பத்து மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை செய்யட்டும். எட்டு மணிக்கு நிழல் பிள்ளையை விட நெட்டையாக இருக்கும். பத்து மணிக்குக் குட்டையாகிவிடும். பன்னிரண்டு மணிக்குக் காலடியில் ஒடுங்கிக் கிடக்கும். "உன் நிழல் உன்னை விடக் குட்டையா? அப்படியென்றால் மரத்தடிக்கு ஓடு." விதி இவ்வளவுதான். மணிக்கூடு பார்க்கத் தெரியாத பிள்ளைக்கும் இது புரியும். பங்குனி மாதத்தில் நம் பக்கம் காலை ஒன்பது மணிக்குப் பின்னும் பிற்பகல் மூன்று மணிக்கு முன்னும் நிழல் குட்டைதான். மார்கழியில் இந்த நேரம் கொஞ்சம் சுருங்கும். அவ்வளவே.

பாடசாலை விடுவது ஒன்றரை மணிக்கு. மலையேறி வீடு போகும் பிள்ளை மிகக் கடுமையான நேரத்திலேயே நடக்கிறது. ஆகவே கையில் குடை இருப்பது நல்லது. கறுப்புக் குடை வெயிலுக்கும் நன்று. வெயிலில் குடை பிடிக்க ஆண்பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். ஆசிரியர் ஒருவர் தானே பிடித்துக்கொண்டு நடந்தால் அந்த வெட்கம் ஒரு வாரத்தில் போய்விடும். முன்பக்கம் மட்டும் மறைக்கும் கிரிக்கெட் தொப்பியில் காதும் பிடரியும் வெளியே நிற்கும். சுற்றிலும் விளிம்புள்ள தொப்பியே நல்லது. அதுவும் இல்லையென்றால் கொழுந்தெடுக்கும் நம் தாய்மார் தலையில் துண்டு போட்டு, பிடரி மூடிக் கட்டுகிறார்களே, அதைப் பார்த்துக் கற்கலாம்.

அவுஸ்திரேலியாவில் 1981இல் சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி அணி என்று ஒரு பெரும் பிரசாரம் தொடங்கினார்கள். தொப்பி இல்லாத பிள்ளைக்கு அங்கே பல பாடசாலைகளில் வெயிலில் விளையாட அனுமதி இல்லை. அங்குள்ள வெள்ளையர்களிடையே தோல் புற்றுநோய் மிக அதிகம். நம் தோலில் உள்ள கருநிறப் பொருள் நமக்கு நல்ல காவல். ஆகவே அந்த நோய் நம்மிடையே மிகக் குறைவு. அவர்களுடைய பயத்தையும் விலை கூடிய கிரீமையும் நாம் அப்படியே இறக்குமதி செய்யத் தேவையில்லை. ஆனால் கண்ணுக்கு அந்தக் காவல் போதாது. பெரியவர்களை விடச் சிறு பிள்ளையின் கண் இந்தக் கதிர்களை அதிகமாக உள்ளே விடுகிறது. உலகில் கண்புரையால் பார்வை இழந்தவர்களில் பத்தில் ஒரு பங்கு வரை இந்தக் கதிர்களால் இருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கிரகணத்தின்போது எக்ஸ்ரே படலமோ புகை பிடித்த கண்ணாடியோ பாதுகாப்பல்ல.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். "வெயிலில் நின்றால் கறுத்துப் போவாய்" என்று சொல்லாதீர்கள். கறுப்பு குற்றமல்ல. அந்தப் பேச்சைக் கேட்டு வளரும் பெண்பிள்ளை பின்னாளில் வெள்ளையாக்கும் கிரீம் வாங்குகிறாள். அவற்றில் பாதரசம் கலந்தவை பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. வெயிலே ஆகாது என்று பிள்ளையை அறைக்குள் அடைப்பதும் பிழை. எலும்பு உறுதிக்கு வேண்டிய விற்றமின் டி வெயிலில்தான் உடலில் உருவாகிறது. காலை நடையும் முற்றத்து விளையாட்டும் தாராளமாக நடக்கட்டும்.

மேலே சொன்னதற்கெல்லாம் விதிவிலக்கான ஒரு பிள்ளை இருக்கிறது. பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்து, வெளிச்சத்தில் கண் கூசும் பிள்ளை. இதை அல்பினிசம் என்பார்கள். அது சாபமல்ல, தொழுநோயுமல்ல, தொற்றாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு நிறக் காவல் இல்லை. தன்சானியாவில் இப்படிப்பட்டவர்கள் பலர் இளம் வயதிலேயே தோல் புற்றுநோயால் இறந்தார்கள். அங்கே மோஷி நகரில் அவர்களுக்கென்றே கிரீம் தயாரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். உங்கள் அயலில் அத்தகைய பிள்ளை இருந்தால் முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, கிரீம் மூன்றும் கட்டாயம். வகுப்பில் கரும்பலகைக்கு அருகில், ஜன்னலுக்கு விலகி இருத்துங்கள். தோலில் ஆறாத புண் கண்டால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தாமதிக்க வேண்டாம்.

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு இது இன்னும் நெருங்கிய விடயம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது வீடுகளோடு பழைய நிழலும் போயிற்று. மண்சரிவுக்குப் பயந்து தோட்டத்தையும் பலா மரத்தையும் விட்டு வந்தவர்கள் இந்த மாகாணம் எங்கும் இருக்கிறார்கள். புதிய குடியிருப்பு என்றால் பெரும்பாலும் இயந்திரத்தால் வெட்டி மட்டமாக்கிய வெறும் நிலம். தகரக் கூரை சுடுவதால் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். வெளியே மரம் இல்லை.

ஆகவே ஐப்பசி மழையோடு மரம் வையுங்கள். முள்முருக்குக் கம்பு நட்டால் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் வளரும். பட்டர்புரூட் அடர்ந்த நிழல் தரும், பழமும் தரும். சவுக்கு மரம் உயரமாகப் போகும், நிழல் சிறிது. பாடசாலை முற்றத்தில் நடுவதாயின் கிழக்குப் பக்கம் பாருங்கள். பத்தரை மணி இடைவேளையில் சூரியன் கிழக்கே இருப்பதால் நிழல் முற்றத்துக்குள் விழும். மத்தியானத்தில் நிழல் மரத்தடியிலேயே கிடக்கும். அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் உட்காருவதற்கு, மரத்தைச் சுற்றி நான்கு கற்களைப் போட்டு ஒரு திண்ணை கட்டி வைத்தால் போதும்.