ஓடியவர் ஓடக் கற்றுக்கொடுக்கட்டும்

தெமோதரை என்றதும் உங்கள் நினைவுக்கு என்ன வரும்? புகையிரத நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகத் திரும்பி வரும் அந்த ரயில் வளையம்தானே? அதே மலைச் சரிவுகளில் தினமும் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் கொஞ்சம் பாருங்கள். மேட்டு நிலம் அவர்களின் காலுக்கும் மூச்சுக்கும் கொடுத்திருக்கும் பலம் லேசானதல்ல. ஆனால், இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒரு கிண்ணம் வாங்குவதோடு பலருடைய ஓட்டம் நின்று விடுகிறது.

நமது நாட்டு லூசியன் ரோசாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1970ஆம் ஆண்டு பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 5,000, 10,000 மீற்றர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்றவர். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கிலும் ஓடினார். அந்த ஓட்டமே அவரை அமெரிக்காவின் விஸ்கொன்சின்-பார்க்சைட் பல்கலைக்கழகத்தில் மாணவராக்கியது. பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் ஓட்ட வீரர்களுக்குப் பயிற்றுவிப்பாளரானார். "விளையாடினால் படிப்புக் கெட்டுவிடும்" என்று சொல்லும் பெற்றோர் இதைச் சற்று யோசிக்க வேண்டும். அவருக்குக் கல்வியையும் தொழிலையும் தேடித் தந்தது ஓட்டம்தான்.

பயிற்றுவிப்பாளர் அப்படி என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். 800 மீற்றர் என்பது மைதானத்தை இரண்டு சுற்று ஓடுவது. முதல் சுற்றிலேயே முழுப் பலத்தையும் கொட்டிவிடும் பிள்ளை கடைசி 200 மீற்றரில் தள்ளாடிப் போகும். கடிகாரத்தைக் கையில் பிடித்து, "இந்த வேகம் போதும், மிச்சத்தை வைத்துக்கொள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரி மாணவி தருஷி கருணாரத்ன 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் 800 மீற்றர் தங்கத்தை 2 நிமிடம் 3.20 செக்கனில் வென்றார். அவருக்கும் பின்னால் இருந்தவர் பாடசாலைப் பயிற்றுவிப்பாளர் சுசந்த பெர்னாண்டோதான்.

"நமது பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பிரயாணமொன்றில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓடிப் பார்த்தார்கள், அன்னையவர்கள் முந்தினார்கள். வேறொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். ஹதீஸில் வந்திருக்கும் செய்தி இது. உடையிலும் இடத்திலும் ஒழுக்கம் பேணுவது நம் கடமை. அதற்காக ஓட்டத்தையே தடுத்துவிட வேண்டுமா?

உங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் மாகாண மட்டம்வரை ஓடிய மாமாவோ சாச்சாவோ இருப்பார். இன்று கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவரிடம் போய்ப் பேசுங்கள். வாரத்தில் இரண்டு நாள், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை முன்வரட்டும். தேவைப்படுவது ஒரு கடிகாரமும் கொஞ்சம் பொறுமையும்தான். பிள்ளைகளின் கால்கள் ஏற்கனவே தயார்.