ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவே

எங்கள் மாரமங்கலம் பக்கத்தில் பொழுது சாய்ந்தால் வேலை கிடையாது. காப்பிப் பழம் பறிக்கிற கார்த்திகை, மார்கழியில்கூட இருட்டுவதற்குள் மூட்டை எடை போட்டாகிவிடும். அப்புறம் பனி இறங்கும். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் அந்தக் குளிரைக் காசு கொடுத்து அனுபவிக்கிறார்கள். எங்களுக்கு அது ஆறிலிருந்து ஒன்பது வரை உட்கார இடம் தேடுகிற நேரம். குடி, சீட்டு, இப்போது செல்போன் எல்லாம் அந்த மூன்று மணி நேரத்துக்குள்தான் நுழைகின்றன.

பழக்கத்தை விடு என்று புத்தி சொல்ல வருகிறவர்கள் மன உறுதியைப் பற்றியே பேசுகிறார்கள். கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிற எனக்குத் தெரிந்தது உண்ணிச்செடி. வேரோடு பிடுங்கிவிட்டு நிலத்தைச் சும்மா போட்டால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் முளைத்து நிற்கும். பிடுங்கிய கையோடு வேறு எதையாவது நட்டாக வேண்டும்.

இதை ஒரு ஜில்லா அளவுக்குச் செய்து பார்த்ததும் எங்கள் சேலத்தில்தான். 1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்று சேலத்துக்குள் அடக்கம். ராஜாஜிக்கு இது திடீரென்று தோன்றிய யோசனை இல்லை. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925இல் ஆசிரமம் தொடங்கியவர். மதுவிலக்குக்காகவே 1929இல் ‘விமோசனம்’ பத்திரிகை நடத்தியவர். கல்கி அதில் அவருக்குத் துணை. கடையை மூடினால் சாயங்காலம் காலியாகிவிடும் என்பதும் அன்று தெரிந்தே இருந்தது. அதனால்தான் விளையாட்டு, பஜனை, டீக்கடை என்று கள்ளுக்கடைக்கு மாற்று தேடினார்கள். சர்க்கார் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி வந்தது. பணத்துக்குக் கண்டுபிடித்த மாற்று, பெயரும் வடிவமும் மாறி, இன்றுவரை நிற்கிறது. சாயங்காலத்துக்குத் தேடிய மாற்றைத்தான் காணோம்.

நட்டது வேர் பிடிக்க எத்தனை நாள் ஆகும் என்பது பற்றி, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 96 பேர், ஆளுக்கொரு சின்னப் புதுப் பழக்கம். தினமும் ஒரே சமயத்தில், உதாரணமாகக் காலைச் சாப்பாடு முடிந்ததும், அதைச் செய்ய வேண்டும். அது யோசிக்காமலே நடக்கிற காரியமாக மாறச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள் போதும். மெதுவானவர்களுக்கு 254 வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இருபத்தோரு நாளில் எல்லாம் மாறும் என்கிற பேச்சை இனி நம்ப வேண்டாம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பாழில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு அதுதான் பெரிய சேதி. எங்கள் ஊரில் ஒருநாள் சறுக்கியவன், ‘இனி என்ன இருக்கு?’ என்று முழுசாகப் போய்விடுகிறான்.

அக்கா வீட்டுக்காரரும் அப்படிப் போயிருக்க வேண்டியவர். வருஷக்கணக்காகத் தினம் குடித்தவர், ஒருநாள் சட்டென்று நிறுத்தினார். மறுநாளே கை கிடுகிடுவென்று நடுங்கியது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. இதில் வீம்பு ஆகாது. இப்படி நிறுத்தினால் சிலருக்கு வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகும். டாக்டரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்த வேண்டும். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416க்குப் போன் போடலாம். மனநல ஆலோசனை தருகிற அரசு எண், காசில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு ஆறு மணி அப்படியே காத்திருந்தது. அக்கா புத்திசாலி. “மாமாவ மந்தைக்குக் கூட்டிட்டுப் போடா” என்றாள். மே மாதத்துச் சேர்வராயன் திருவிழாவுக்காக அங்கே சேர்வையாட்டம் பழகிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்குச் சின்ன வயசில் மேளம் வரும். முதல் வாரம் சும்மா உட்கார்ந்து, “அடி தப்புதுடா” என்று குறை சொன்னதோடு சரி. அப்புறம் பொறுக்காமல் பிடுங்கி வாசித்தார்.

திருவிழா முடிந்ததும் எனக்குத்தான் பயம். மந்தை காலி, பழையபடி ஆறு மணி. “அடுத்து என்ன மாமா?” என்றேன்.

“பசங்களுக்குச் சொல்லித் தரப் போறேன்.”

இப்போது ஏழு மணிக்கு வரச் சொன்னால் ஆறரைக்கே வந்து நிற்கிறார்கள். செல்போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்பது மாமா போட்ட சட்டம். அக்காவுக்குத்தான் தொல்லை, மடியில் கிடக்கிற போனெல்லாம் மாறி மாறி அடிக்கிறது.