உப்புத் தண்ணியிலும் தாக்குப்பிடிக்கும் பொக்காளி நெல்.. எப்படி?

வயலில் உப்பு ஏறினால் நெல்லின் இலை நுனி கருகி, பயிரே காய்ந்துவிடும். ஆனா கேரளாவின் எர்ணாகுளம், ஆலப்புழா கடலோர உவர் நிலங்களில் விளையும் பொக்காளி நெல் தாக்குப்பிடிக்கும். உடம்புக்குள்ள உப்பே போகாதுன்னு நினைச்சா தப்பு!

வேர் உறிஞ்சும் தண்ணீரோடு சோடியமும் மேலே ஏறும். அது இலையில் தேங்கினால்தான் ஆபத்து. இதைத் தடுப்பது நெல்லின் 1-வது குரோமோசோமில் உள்ள ஹெச்கேடி1;5 மரபணு. இது உருவாக்கும் புரதம், மேலே போகும் சோடியத்தை வழியிலேயே இழுத்து வேர்ப்பகுதி செல்களில் நிறுத்திடும். 2005-ல் இதை அடையாளம் கண்டது, நோனா போக்ரா என்ற இன்னொரு உப்பு தாங்கும் ரகத்தில். பொக்காளியில் இந்த மரபணு உள்ள பகுதிக்கு 'சால்டால்'னு பேர்.

அப்போ எல்லாரும் பொக்காளியே நடலாமே? அங்கதான் சிக்கல். உயரமா வளர்ந்து சாய்ஞ்சிடும், விளைச்சலும் குறைவு. அதனால சால்டால் பகுதியை மட்டும் கலப்பு முறையில் அதிக விளைச்சல் ரகங்களுக்குக் கொண்டு வர்றாங்க. இது மரபணு மாற்றுப் பயிர் கிடையாது.

ஆனா சால்டால் கைகொடுப்பது முக்கியமா நாற்றுப் பருவத்தில்தான். பூக்கும் நேரத்தில் உப்பு ஏறினா, அதைத் தாங்க வேற மரபணுக்கள் வேணும்.